கவசம் திறக்கும் நாளில் தேரடிச் சந்தை

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் மூலவரை ஆண்டில் மூன்று நாள் மட்டும்தான் கவசம் இல்லாமல் பார்க்க முடியும். ஆதிபுரீஸ்வரர், படம்பக்கநாதர் என்று பெயர்கள் கொண்ட அவர் புற்று வடிவானவர். மற்ற கோயில்களைப்போல லிங்கத் திருமேனியில் நீரும் பாலும் ஊற்றும் வழக்கம் அங்கே இல்லை. கார்த்திகைப் பௌர்ணமி அன்று மாலையில் கவசத்தை எடுத்துவிட்டுப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். மூன்றாம் நாள் இரவு திரும்ப மூடிவிட்டால் அடுத்த கார்த்திகைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நாட்களைச் சுற்றி ஒரு சந்தை கூடுகிறது. அதற்கு விளம்பரம் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, வளைவு கட்டி வரவேற்பதும் கிடையாது. தேரடியில் தொடங்கிச் சன்னதித் தெரு வழியாகக் கோயில் வாசல்வரைக்கும், பிறகு மாட வீதிகளுக்குள்ளும் கடைகள் பரவுகின்றன. அகல் விளக்கு, திரி, எண்ணெய், பொரி, பூ, பிளாஸ்டிக் பொம்மை, வளையல், பலூன். கார்த்திகைத் தீபத்துக்காக முந்தைய வாரமே வந்து உட்கார்ந்தவர்கள் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி இருந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் தீபமும் பௌர்ணமியும் ஒரே நாளில் வரும். சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக வரும். இரண்டு நாளாக வந்தால் வியாபாரிகளுக்குச் சந்தோஷம்.

சென்னையில் திருவிழாக் கடைவீதி என்று சொன்னாலே பத்திரிகைகள் மயிலாப்பூரைத்தான் காட்டும். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி பொம்மைகள், பங்குனியில் அறுபத்துமூவர். நல்லதுதான். ஆனால் இதே நகரத்தின் வடக்கு மூலையில், துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில், அதற்கு எந்த வகையிலும் குறையாத ஒரு விழாச் சந்தை நடக்கிறது. ஒரு பகல் முழுக்க ஒதுக்கிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. நான் காலையில் பாரிமுனையில் தொடங்கி, ராயபுரம் வழியாக எண்ணூர்வரை போய், மாலையில் தேரடியில் முடித்தேன். அந்த வரிசையைத்தான் மற்றவர்களுக்கும் சொல்வேன்.

கார்த்திகை மாதம் பாதி நவம்பரிலும் பாதி டிசம்பரிலும் கிடக்கிறது. அதனால் அகல் கடை போடும் அதே நாட்களில் பாரிமுனையில் கிறிஸ்துமஸ் கடைகளும் வந்துவிடுகின்றன. ஈவ்னிங் பஜார் பக்கம் போனால் தலைக்கு மேல் காகித நட்சத்திரங்கள் தொங்கும். மொத்த வியாபாரிகள் அவற்றை மடித்த நிலையில் கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்து, உள்ளே பல்பு போட்டு, மாதிரிக்கு மாட்டியிருப்பார்கள். கீழே குடில் செட்டு. மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள், ஆட்டுக்குட்டி, மாடு, ஒட்டகம். செட்டில் ஒரு பொம்மை உடைந்துபோனவர்கள் அதை மட்டும் தனியாகக் கேட்டு வருகிறார்கள். “போன வருசம் மாடு காது ஒடஞ்சிடுச்சிண்ணா, மாடு மட்டும் குடுப்பீங்களா?” என்று ஒரு பெண் கேட்க, கடைக்காரர் அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி அதே அளவில் ஒரு மாட்டை எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒற்றைப் பொம்மைக்காகப் பெட்டியைக் கவிழ்க்கிற பொறுமை ஆன்லைன் கடைகளில் கிடைக்காது.

அங்கிருந்து ராயபுரம் பக்கம்தான். புனித இராயப்பர் ஆலயம் அந்தக் காலத்துப் படகுக்காரர்கள் கட்டியது. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் அலைகளுக்கு ஊடாகக் கரை சேர்த்தவர்கள் மசூலாப் படகுகளை ஓட்டியவர்கள். கயிற்றால் தைத்த பலகைப் படகுகள் அவை. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். சென்னை என்ற நகரத்துக்குக் கடல் வழியாக வந்த பண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் இவர்கள் கை பட்டுத்தான் இறங்கின. அவர்கள் எழுப்பிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் டிசம்பர் பிறந்ததும் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் ஏறுகிறது.

ராயபுரம் ரயில் நிலையத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த கட்டடம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்னும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. உயரமான தூண்களும் சிவப்புச் சுவரும் கொண்ட அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றபோது அங்கே கூட்டமே இல்லை. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் முன்பே நகரத்தின் வாசலாக இருந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த ரயில்வேயையும் துறைமுகத்தையும் நம்பித்தான் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்தில் வாழ்ந்தன. இந்தப் பகுதியின் கிறிஸ்துமஸுக்கு அவர்களால் ஒரு தனி மணம் உண்டு. பார்சி சமூகத்தாரின் அக்கினிக் கோயிலும் 1910 முதல் ராயபுரத்தில்தான் இருக்கிறது. மற்றவர்கள் உள்ளே போக முடியாது. ஆனால் அணையாமல் காக்கப்படும் ஒரு நெருப்பு இந்தத் தெருவில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கடந்து போவதே ஒரு நிறைவு.

எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகும் பேருந்தில் வலது பக்கம் உட்கார வேண்டும். கடல் அலையும், அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களும் கூடவே வரும். இடது பக்கம் முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்கு உள்ளே நுழையக் காத்திருக்கும் வரிசை. ஓட்டுநர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். தீபத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் சரக்கு வரத்து நிற்பதில்லை, இவர்களுக்கு விடுமுறையும் இல்லை.

எண்ணூரைப் பற்றி விரைவாகத்தான் சொல்லப் போகிறேன், அது தனிக் கட்டுரை கேட்கும் ஊர். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அனல்மின் நிலையச் சாம்பல், உப்பளங்கள் இருந்த இடம், இறால் தேடிக் கையால் சேற்றைத் துழாவும் பெண்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு இந்தக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கரிய பிசினாகின. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. 2004இல் சுனாமி வந்ததும் ஒரு டிசம்பர் 26தான். பண்டிகை மாதம் இந்தக் கரைக்குப் பயத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. நான் போன நாள் மதியம் எண்ணூரில் பேருந்துக்காக நின்ற பெண்கள் சிலர் மஞ்சள் புடவையும் கையில் பூக்கூடையுமாக இருந்தார்கள். “கவசம் பாக்கத்தான் போறோம். இந்த ஒரு நாள் விட்டா அப்புறம் எங்க பாக்குறது?” என்றார் அவர்களில் மூத்தவர்.

அவர்களோடுதான் நானும் தெற்கே திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் விம்கோ நகர். இந்தியாவின் பெரிய தீப்பெட்டி நிறுவனமாக இருந்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர் ஒரு ஊராகவும், ரயில் நிலையமாகவும், இப்போது மெட்ரோ நிலையமாகவும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய தீக்குச்சிகளில் எத்தனையோ இந்த ஊரில் செய்யப்பட்டவை. மெட்ரோ இங்கே உயரத்தில் ஓடுகிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை நீட்டிக்கப்பட்ட தடம் இது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், இன்னொரு பக்கம் கடல். இரண்டாவது நிலையம் திருவொற்றியூர் தேரடி.

படியிறங்கும்போதே சந்தையின் சத்தம் வந்துவிட்டது. காலடிப்பேட்டையில் பிறந்து அங்கேயே வாழ்கிற என் பெரியம்மா கீழே காத்திருந்தார். காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. அங்கே பிறந்தவர்களுக்குத் துணியின் தரம் மட்டும் அல்ல, எந்தப் பொருளையும் தொட்டுப் பார்த்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறது என்று பெரியம்மாவை வைத்து எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

முதல் அகல் கடையில் ஒரு பாட்டி கோணிப்பை விரித்து உட்கார்ந்திருந்தார். சின்ன அகல்களைக் கூறு கட்டி வைத்திருந்தார். பெரியவை தனியே, கவிழ்த்து வரிசையாக. “வா கண்ணு, எடுத்துக்கோ, போணி பண்ணு” என்றார். மதியம் மூன்று மணிக்குப் போணியா என்று நான் நினைத்தேன். பெரியம்மா சொன்னார்: “யாருக்கு முதல் கை ராசியோ அவங்களுக்குத்தான் அப்படிச் சொல்வாங்க. பேரம் பேசாத.” நான் பேசவில்லை.

பெரியம்மா அகல் எடுப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் வைத்து, வலது கை விரல் முட்டியால் லேசாகத் தட்டினார். நன்றாகச் சுட்ட அகல் கணீர் என்று ஒலிக்கும். சூடு போதாதது மொத்தென்று அடங்கும். அப்படி அடங்கியதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தால் விளிம்பிலோ அடியிலோ மயிரிழை விரிசல் தெரியும். அடுத்து மூக்கைப் பார்த்தார். திரி படுக்கும் அந்தக் குழி ஆழமாக இருந்தால் திரி எண்ணெயில் மூழ்கி அணையும்; மேடாக இருந்தால் எண்ணெய் ஏறாமல் திரி கருகும். சுண்டு விரல் நுனி தடையில்லாமல் உட்கார வேண்டும். கடைசியாகத் தரையில் வைத்து விரலால் ஒரு சுற்று விட்டார். ஆடாமல் நின்றதை மட்டும் பையில் போட்டார். பாட்டி இதையெல்லாம் கோபிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்துத்தாம்மா எடுக்கணும். வீட்டுக்குப் போனதும் தண்ணியில ஊறப்போடு. இல்லேன்னா எண்ணெய முழுக்க மண்ணே குடிச்சிடும்” என்றார்.

இந்த யோசனை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, நிழலில் காயவைத்து ஏற்றினால் மண்ணின் நுண்துளைகள் முதலிலேயே நீரைக் குடித்து அடைபட்டுவிடும். எண்ணெய் நெடுநேரம் நிற்கும். மெழுகு ஊற்றிய, வண்ணம் பூசிய, கண்ணாடிச் சில்லு ஒட்டிய அகல்களும் பக்கத்துக் கடைகளில் நிறைய இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் என் கண்ணுக்கு அந்தப் பாட்டியின் செம்மண் நிற அகல்தான் நிறைவாக இருந்தது. சக்கரத்தில் சுற்றிய விரல் தடம் அதன் உட்புறத்தில் வட்டவட்டமாக இருந்தது. கொசப்பேட்டைச் சரக்கு என்றார். நவராத்திரிக்குப் பொம்மை, விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை என்று அந்தக் குயவர் தெருக்களின் ஆண்டு நகர்கிறது. மழைக்காலத்தில் அகல் காய்வதுதான் பெரிய பாடு. தீபத்துக்கு முந்தைய வாரங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெயில் வராவிட்டால் மண் காயாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடித்துவிடும். கொட்டுகிற மழையில் எத்தனை சரக்கு பாழாகிறது என்பதை நினைத்தால் ஓர் அகலுக்கு அவர்கள் கேட்கும் விலை மிகக் குறைவு.

விளக்குக் கடைகளை இந்த ஊரில் பார்ப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மார்களில் கலியநாயனார் இந்தத் திருவொற்றியூர்க்காரர். சக்கரப்பாடித் தெருவில், எண்ணெய் ஆட்டும் வாணியர் குலத்தில் பிறந்தவர் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. செக்கு ஓட்டிச் செல்வந்தராக இருந்தவர், கோயிலின் உள்ளும் புறமும் அளவில்லாமல் விளக்கேற்றினார். செல்வம் தீர்ந்தது. தன் குலத்தாரிடம் எண்ணெய் வாங்கிக் கூலிக்கு விற்று அந்தக் கூலியில் ஏற்றினார். அதுவும் நின்றது. கூலிக்குச் செக்கு ஓட்டினார். கூலி வேலையும் கிடைக்காமல் போனபோது வீட்டை விற்றார். கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தையே அகல்களில் நிரப்பத் துணிந்து கழுத்தை அரியப் போனார், அப்போது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்பது கதை.

பக்தியின் உச்சம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு சிறு தொழிலின் வரலாறும் தெரிகிறது. சொந்தச் செக்குக்காரர் தரகராகி, தரகர் கூலியாகி, கூலிக்கும் வேலையில்லாமல் போன படிகள் ஒவ்வொன்றையும் சேக்கிழார் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார். ஆலைகள் திறந்து, நிறைந்து, மூடிய இந்தத் தொழிற்பகுதியில் அந்தப் படிகளில் இறங்கியவர்கள் எத்தனை பேர். மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தில் கலியநாயனாரையும் பல்லக்கில் தூக்கிப் போகிறார்கள். அவர் வடசென்னைத் தொழிலாளி என்பதைத் தெற்கே உள்ளவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சன்னதித் தெருவில் கூட்டம் நெருங்கியது. பொரிக் கடையில் அவல்பொரியும் நெல்பொரியும் தனித்தனி மலையாக இருந்தன. கார்த்திகைக்கு நெல்பொரிதான் வேண்டும். வெல்லப் பாகு காய்ச்சி, தேங்காய்ப் பல் போட்டு உருண்டை பிடிப்பார்கள். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மாவலி விற்றார். நகரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஆண் பனையின் பாளையைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுவார்கள். நுனியில் கங்கு வைத்துக் கயிற்றால் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். மத்தாப்புக்கு முன்னோடி, மருந்தில்லாத வெடியில்லாத விளையாட்டு. அவர் ஒன்றைச் சுழற்றிக் காட்டியபோது குழந்தைகள் வட்டமாக நின்றுவிட்டார்கள். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னிய பனையோலைப் பெட்டிகளும் ஒரு கடையில் இருந்தன. வடக்கே இன்னும் பனை இருக்கிறது என்பதற்கு இந்தச் சந்தையே சாட்சி.

பலூன்காரர் ஒருவரைச் சுற்றியும் கூட்டம். 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் இந்தியாவில் 1950களில் இந்த ஊரில்தான் உருவாகத் தொடங்கியது. அசோக் லேலண்டின் பழைய ஆலை பக்கத்தில் எண்ணூரில். உலகத்துச் சாலைகளில் ஓடுபவை இங்கே பிறந்தன, தேரடியில் பலூன் கேட்டு அழும் குழந்தையின் ஊரில்.

இந்தச் சந்தையில் நிற்கும்போது இன்னொரு சந்தை நினைவுக்கு வந்தது. ஸ்பெயினில் பார்சிலோனா நகரப் பேராலயத்தின் முன்னால் ஒவ்வோர் ஆண்டும் இதே பருவத்தில் ஒரு சந்தை கூடுகிறது. புனித லூசியா பெயரால் 1786ஆம் ஆண்டிலிருந்து நடப்பதாகக் கணக்கு. குடில் பொம்மைகள், குடிலில் விரிக்கப் பாசி, மரக்கிளைகள் எல்லாம் அங்கே விற்கும். டிசம்பர் 13 அந்தப் புனிதையின் திருநாள். கண்பார்வைக்குக் காவலாக அவரை வேண்டிக்கொள்வார்கள். அந்தச் சந்தைக்கு உலகெங்கிலும் இருந்து பயணிகள் போகிறார்கள், நகரம் அதைத் தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. திருவொற்றியூரும் கண்ணின் கதை கொண்ட ஊர். மகிழ மரத்தடியில், மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், ஆரூர் நினைவு வந்து எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணையும் இழந்தார். காஞ்சியில் இடக் கண்ணும் திருவாரூரில் வலக் கண்ணும் திரும்பக் கிடைத்தன. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அந்தச் சத்தியத்தை இன்றும் நடத்துகிறார்கள். அதற்கும் இதே தெருக்களில் சந்தை கூடும். பார்சிலோனாவுக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதி கிடைத்தாலும் தேரடி எப்படி இருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு மேல் வரிசையில் நின்றோம். வரிசை மெதுவாக நகர்ந்ததால் கோயிலைப் பார்க்க நேரம் கிடைத்தது. மூலவரின் விமானம் யானையின் முதுகைப்போல வளைந்தது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் ரவி என்ற வீரசோழத் தச்சன் கருங்கல்லில் எடுத்தது. அரசன் பெயரும் சிற்பி பெயரும் சேர்ந்தே நமக்குக் கிடைத்திருக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. தேவார மூவரும் பாடிய தலம். வள்ளலார் இளவயதில் சென்னையில் வாழ்ந்தபோது ஏழுகிணற்றிலிருந்து இங்கே நடந்தே வந்து வடிவுடையம்மன் மேல் மாலை பாடினார். பின்னாளில் கருங்குழியில் அவர் தண்ணீரால் விளக்கெரித்ததாகச் சொல்வார்கள். கலியநாயனாரின் ஊரில் பாடித் திரிந்தவருக்கு அது பொருத்தமான கதை. கோயிலுக்குக் கிழக்கே கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. கப்பல் வாணிகம் செய்து எல்லாவற்றையும் துறந்த வணிகர், துறைமுகத்துக்கு வடக்கே, சரக்கு லாரிகள் ஓடும் சாலையருகில் அடங்கியிருக்கிறார்.

சன்னதிக்குள் நுழைந்தபோது முதலில் எட்டியது வாசனைதான். புனுகும் சாம்பிராணித் தைலமும் கலந்த கனமான வாசம். கவசமில்லாத மூலவரை நெய்விளக்கு வெளிச்சத்தில் சில நொடிகள்தான் பார்க்க முடியும், பிறகு நகரச் சொல்வார்கள். கருமையாக, எண்ணெய்ப் பளபளப்போடு, கல் என்று சொல்ல முடியாத ஒரு மேனி. முன்னால் நின்ற எண்ணூர்ப் பாட்டி கைகூப்பவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்த பெண் காவலர், “பாட்டிம்மா, இன்னும் ரெண்டு நிமிசம் நில்லுங்க, பரவால்ல” என்று பின்வரிசையை நிறுத்தினார்.

வெளியே வந்தால் இரவுச் சந்தை. அகல்களில் சிலவற்றைக் கடைக்காரர்களே ஏற்றி வைத்திருந்தார்கள், சரக்கைக் காட்டவும் வெளிச்சத்துக்கும். தெருவிளக்கு எட்டாத இடங்களில் செல்போன் விளக்கில் சில்லறை எண்ணினார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டபோது பொரிக்கடைப் பெண், “எங்களுக்கே இல்ல, காலையில வந்தது” என்றார். விடியற்காலையில் வந்து நள்ளிரவு வரை உட்காரும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழிக்கிறார்கள். பயணக் கட்டுரையில் இது எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. இவர்கள் உட்காராவிட்டால் இந்தத் திருவிழா வீதி வெறும் வாகன நெரிசல்தான்.

மாநகராட்சியும் அறநிலையத் துறையும் சேர்ந்து செய்யக்கூடியவை சிறியவை: இந்த வாரத்துக்கு மட்டும் நடமாடும் கழிப்பறைகள், குடிநீர், தேரடியிலிருந்து மாட வீதிவரை தற்காலிக விளக்குகள், மழை வந்தால் ஒதுங்க ஒரு தகரப் பந்தல், அகல்காரர்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விரட்டாமல் கோடு போட்டுத் தரும் இடம். இதை அவர்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கார்த்திகைக்கு அகலைத் தேரடியில் வாங்குங்கள். விமான நிலையத்திலிருந்தும் சென்ட்ரல் பக்கமிருந்தும் விம்கோ நகர் நோக்கிப் போகும் மெட்ரோ உங்களைக் கடை வாசலிலேயே இறக்கிவிடும். துணிப்பையும் சில்லறையும் கொண்டுபோங்கள். தட்டிப் பார்த்து எடுங்கள், பேரம் பேசாதீர்கள். பௌர்ணமி மாலை தரிசனத்துக்கு நிற்பதானால் நான்கு மணிக்கே வரிசைக்குப் போய்விடுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் இரண்டாம் நாள் காலை நல்லது. மூன்றாம் நாள் இரவு நடை சாத்தும்போது கவசம் திரும்ப ஏறிவிடும், மறுநாள் காலையில் கடைக்காரர்களும் மூட்டை கட்டிவிடுவார்கள்.